காது சிவக்கும் ஆண்கள்

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமிகள் மூன்று பேர் 14,000 ரூபாய்ச் சேமிப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். மூவருக்கும் வயது 13. விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலேறித் தென் கொரியாவுக்குச் சென்று பி.டி.எஸ். இசைக்குழுவினரைப் பார்த்துவிடுவது அவர்கள் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் போலீசாரின் கண்ணில் பட்டார்கள். அறிவுரை சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். செய்தி வந்த இடமெல்லாம் சிரிப்பும் கவலையும் கலந்து கிடந்தன. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’, ‘செல்போன் கெடுத்துவிட்டது’ என்ற இரண்டு வாக்கியங்களுக்குமேல் யாரும் போகவில்லை.

அகப்பாடல் நடத்துகிறவள் என்பதால் எனக்கு இந்தச் செய்தி வேறு மாதிரி பட்டது. பெண் வீட்டைவிட்டுக் காதலின் பொருட்டு வெளியேறுவதற்கு நம் இலக்கணத்தில் உடன்போக்கு என்று பெயர் உண்டு. அதில் தலைவன் முன்னே நடப்பான், சுரத்தின் வழியை அவன்தான் அறிவான். செவிலி பின்னால் தேடிப் போவாள். இந்த மூன்று பேரின் போக்கில் தலைவன் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் ஏழு பேருக்கும் இவர்கள் புறப்பட்டது தெரியாது. போனவர்கள் மூவரும் தோழிகள், வழியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். தொல்காப்பியர் இப்படி ஒன்றுக்குத் துறை வகுக்கவில்லை.

கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து நம் பெண்களின் இரவுகளை எடுத்துக்கொண்ட தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகு நாளாக நினைத்திருந்தேன். அந்தச் செய்திக்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. பி.டி.எஸ். வேறு, தொடர்கள் வேறு என்பது தெரியும். ஆனால் இரண்டையும் பார்க்கும் கண் ஒன்றுதான். என் மாணவிகளில் பலருக்கு ஒன்றின் வழியாகத்தான் மற்றொன்று வந்தது.

தமிழ்நாட்டுக்குக் கொரியத் தொடர்கள் ஓ.டி.டி.யோடு வந்தன என்று நினைப்பது நகரத்து ஞாபகம். 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ அப்படித்தான் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கும் திருப்பூர் லைன் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்தான் பின்னால் கல்லூரிக்கு வந்து, கைப்பேசியில் நெட்ஃபிளிக்ஸ் கணக்கை நான்கு பேராகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அம்மா, அப்பா என்ற சொற்கள் ஏறக்குறைய அப்படியே காதில் விழுகின்றன என்ற மகிழ்ச்சி ஆரம்பத்தில் எல்லோருக்கும் இருந்தது. அந்த ஒற்றுமையை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதத் துடித்தவர்களை நான் முடிந்தவரை தடுத்திருக்கிறேன்.

அவர்களைப் பிடித்து இழுத்தது மொழியில்லை. இந்தத் தொடர்களில் காதலிக்கும் ஆண் பார்க்கப்படுகிறான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் காதல் வளர்வதை உடலின் குறிகளால் படிப்படியாக அடுக்குகிறது. நெற்றியில் வியர்வை அரும்புவது, வந்த சிரிப்பை மறைப்பது, கூந்தல் அவிழ்வது, அணிந்த அணியைத் தடவிப் பார்ப்பது என்று அது நீளும். உலகத்துக் காதல் இலக்கணங்களில் இத்தனை நுட்பமாக உடலைக் கவனித்தவை குறைவு. ஆனால் இந்தக் குறிகளைப் பெரும்பாலும் தலைவியின் உடலில் வைத்தே உரைகள் விளக்குகின்றன. அவள் உடல் படிக்கப்படுகிறது; படிக்கிறவன் அவன். தமிழ் சினிமா இந்த இலக்கணத்தில் நுட்பத்தை விட்டுவிட்டுப் பார்வையின் திசையை மட்டும் வைத்துக்கொண்டது. கேமரா அவள் கழுத்தில் தொடங்கி இடுப்பில் முடியும். காதலிக்கும் ஆணின் உடலில் அப்போது என்ன நடக்கிறது என்பதை நாம் எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்? அவன் விசிலடிப்பான், ஆடுவான், நண்பர்களிடம் சவால் விடுவான். அவனுக்கு வியர்ப்பதில்லை.

கொரியத் தொடரில் அவனுக்குக் காது சிவக்கிறது. எச்சில் விழுங்குகிறான். அவள் தன் தோளில் தூங்கிவிட்டாள் என்பதால் பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட்டு உட்கார்ந்திருக்கிறான். குறுஞ்செய்தியை எழுதி அழித்து எழுதுகிறான். பத்து நிமிடம் இதையேதான் காட்டுகிறார்கள். மெய்ப்பாடு ஆணுக்கு இடம் மாறிவிட்டது. அவனைப் படிக்கிறவள் கதைக்குள் இருக்கும் பெண். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்கிறவள், விடுதிக் கட்டிலில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்திருக்கும் என் மாணவி. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பது தற்செயல் ஆகாது. கிம் உன்-சுக், பாக் ஜி-உன், நோ ஹீ-கியொங், பாக் ஹே-யங், ஹொங் சகோதரிகள் என்று கொரியத் தொலைக்காட்சியில் இயக்குநரைவிட எழுத்தாளரின் பெயரைச் சொல்லித் தொடரை அடையாளம் காட்டும் பழக்கமே உண்டு. தமிழில் ஒரு நெடுந்தொடரை எழுதும் பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் யோசிக்காமல் பதில் சொல்வோம்?

இந்த மெதுவைக் கற்பு என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டாவது எபிசோடில்தான் கையைத் தொடுகிறான், நம் பண்பாட்டுக்கு ஏற்றது என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் பேசக் கேட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடாதிருப்பது அங்கே ஒழுக்கத்தைவிட ஆசையின் வேலையாகத்தான் இருக்கிறது. தொடுவதற்கு முன்னால் இருக்கும் இடைவெளியை முழுவதுமாகத் தின்று தீர்க்கிறார்கள். தமிழில் அதற்கு அருகில் வந்த படம் 2018இல் வந்த ‘96’. ஓர் இரவு முழுக்க இருவரும் சென்னையில் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், அவனுக்கு அவள் அருகில் உட்காரக் கூச்சம். என் வகுப்பில் அந்தப் படத்தை ‘தமிழ்க் கொரியத் தொடர்’ என்றே சொல்வார்கள். வேறுபாடு என்னவென்றால், அதில் அவள் விடிந்ததும் கணவனிடம் திரும்பிவிடும் விமானத்துக்குப் பயணச்சீட்டு வைத்திருக்கிறாள். நம் படத்தில் ஆணின் கூச்சத்தைக் கொண்டாட, பெண் ஏற்கெனவே தாலி கட்டியவளாக இருக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு மணிக்கட்டைப் பற்றிப் பேசாவிட்டால் ஏமாற்று. பழைய கொரியத் தொடர்கள் எல்லாவற்றிலும் ஒரு காட்சி வரும்: அவள் வேறொருவனிடம் பேசிக்கொண்டிருப்பாள், நாயகன் வந்து மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவான். பின்னணியில் பியானோ. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ‘கையைப் பிடித்து இழுத்தான்’ என்பது ஒரு குற்றச்சாட்டு, அதற்கு அபராதம் உண்டு. அங்கே அது காதலின் அறிவிப்பு. 2009இல் வெளிவந்த ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ ஒரு ஜப்பானிய மாங்காவிலிருந்து வந்தது. அதற்கு முன்பே தைவானில் ‘மீட்டியர் கார்டன்’ என்று 2001இல் எடுத்திருந்தார்கள். மூன்று நாட்டுப் பெண்களும் பார்த்து உருகிய அந்தக் கதையில், பெரும் பணக்கார வாரிசு ஒருவன் சலவைக்கடைக்காரர் மகளைப் பள்ளியே சேர்ந்து கொடுமைப்படுத்தும்படி ஏவிவிடுகிறான், பிறகு ஆள் வைத்துத் தூக்கிவந்து அலங்காரம் செய்து கண்ணாடி முன் நிறுத்துகிறான். கோவைக்காரர்களுக்கு மில் முதலாளி மகனும் மில் தொழிலாளி மகளும் என்று உடனே மொழிபெயர்த்துக்கொள்ள முடியும். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஊர் இது. அந்த விடுதியில் இருந்து வந்து என்னிடம் இளங்கலை படித்த ஒரு மாணவி, முதலாளி மகன் காதலிக்கும் கதை வந்தாலே எழுந்து போய்விடுவாள். “அவிய பையன் எங்களை நிமுந்துகூடப் பார்த்ததில்லீங் மேடம். பார்த்திருந்தா இன்னும் பயந்திருப்போம்” என்றாள். இந்தத் தொடர் வகையைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

2010இல் வந்த ‘சீக்ரெட் கார்டன்’ இன்னும் விசித்திரம். ஆணும் பெண்ணும் உடல் மாறிக்கொள்ளும் கதை. அவன் அவள் உடலுக்குள் வாழ்கிறான். பெண்ணுடலில் இருந்து பார்த்த ஒருவன் எதையாவது கற்றிருக்க வேண்டுமல்லவா? அவள் மறுக்க மறுக்க முத்தமிடும் காட்சி அதே தொடரில்தான் இருக்கிறது. எழுதியவர் கிம் உன்-சுக், பெண்தான். பெண் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எளிய கணக்கை இந்த ஒரு தொடரே கலைத்துவிடும். அப்புறம் காலம் மாறியது. 2018 ஜனவரியில் சொ ஜி-ஹ்யொன் என்ற அரசு வழக்குரைஞர் தனக்கு நேர்ந்த பாலியல் சீண்டலைத் தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார். கொரியாவின் மீ டூ அலை அங்கிருந்து எழுந்தது. அவரைப் பேசவைத்த அதே ஜே.டி.பி.சி. தொலைக்காட்சி அந்த ஆண்டு மார்ச்சில் ‘சம்திங் இன் த ரெயின்’ தொடரை ஒளிபரப்பியது. முப்பதைத் தாண்டிய பெண், தன்னைவிட இளையவனைக் காதலிக்கிறாள். அலுவலக விருந்துகளில் மேலதிகாரிகளுக்கு இறைச்சி சுட்டுக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், ஒருவன் தன்னை இத்தனை மதிப்பாக நடத்துவதைப் பார்த்த பிறகு, இனி சுட மாட்டேன் என்கிறாள். புகார் கொடுக்கிறாள். ஒதுக்குப்புறமான இடத்துக்கு மாற்றப்படுகிறாள். காதல் அவளைக் காப்பாற்றவில்லை, தன் நாளின் மற்ற மணிநேரங்களைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது. பிற்பாதியில் தொடர் அவளைத் தாயின் கத்தலுக்குப் பயந்து பொய் சொல்லிக்கொண்டே இருக்கும் பெண்ணாக ஆக்கிவிட்டது, என் தோழிகள் பலர் கோபப்பட்டுப் பார்ப்பதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. முப்பத்தைந்து வயதில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் பெண், தன் அம்மாவின் முன் பதினைந்து வயதாகிவிடுவதை இங்கே நான் தினமும் பார்க்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு முத்தத்தைவிட, மணிக்கட்டைவிடக் கனவாக இருப்பது தெரு. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து இருவரும் சரிவான சந்தில் நடந்து வருகிறார்கள். சின்னக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்கிறார்கள். அவள் வீட்டு வாசல்வரை அவன் வருகிறான், திரும்பிப் போகிறான். இதில் எந்தக் கதையும் இல்லை. ஆனால் ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்துபோகும் பெண்ணுக்கு இதுதான் பேய்க்கதையைவிட நம்ப முடியாத காட்சி.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோட்டுக் கோயிலில் கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பட்டியல் சாதி, அந்தப் பெண் கொங்கு வேளாளர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் காதலித்தார்களா என்று அன்று ஊரே ஆராய்ந்தது. பேசினார்கள் என்பது போதுமானதாக இருந்தது. அந்தக் கோயிலின் சாமி பாதி ஆண், பாதி பெண். அடுத்த வருடம் மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

கொரியத் தொடரில் காதலுக்கு எதிரி வர்க்கம். பையனின் தாய் ஓர் உறையில் பணம் வைத்து மேசையில் நகர்த்துவாள், என் மகனை விட்டுவிடு என்பாள், அந்தப் பெண் மறுத்தால் டம்ளர் தண்ணீர் முகத்தில் விழும். என் மாணவிகள் அந்தக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. பேரம் பேசும் எதிரி, அதாவது உயிரோடு விட்டுவிடும் எதிரி, அவர்களுக்கு நகைச்சுவையாக இருக்கிறான்.

சாதி இல்லாத நாட்டுக் கதை என்பதால் இங்கே பிடிக்கிறது என்று இதை முடித்துவிடலாம். ஆனால் கொரியாவும் குலத்தை வைத்துக் கல்யாணத்தைத் தடுத்த நாடுதான். கொங்கு வேளாளரில் அந்துவன், காடை, கண்ணன், பயிரன் என்று கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. கொரியாவில் ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டவர்கள் மணக்கக்கூடாது என்று சிவில் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் சரி, பதிவு செய்ய முடியாது. 1997இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆணையே குடும்பத் தலைவனாகப் பதிவுசெய்யும் ஹோஜு முறை 2008இல்தான் ஒழிந்தது. பெண் இயக்கங்கள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்றவை இவை. நாம் உருகும் காதல் தொடர்களில் பெரும்பாலானவை இந்தப் போராட்டத்துக்குப் பின்னால் பிறந்தவை. அவற்றில் குலம் பேசப்படாதது, குலம் இல்லாததால் வந்த மௌனம் இல்லை. நம் கூட்டமுறை தடுப்பது உள்ளே. சாதி தடுப்பது வெளியே. அவர்களிடம் உள்கதவு மட்டும் இருந்தது, அதை நீதிமன்றத்தின் வழியாகத் திறந்தார்கள். நம்முடைய வெளிக்கதவைச் சட்டம் சிறப்புத் திருமணச் சட்டமாக 1954இலேயே திறந்துவைத்திருக்கிறது. வாசலில் ஆள் நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். கயா நாட்டு மன்னன் சுரோவை மணக்கக் கடல் கடந்து வந்த ஹியோ ஹ்வாங்-ஓக் என்ற அரசியைப் பற்றிக் கொரியப் பழங்கதை ஒன்று உண்டு. அவள் அயுத்தா என்னும் நாட்டிலிருந்து வந்தாள். அயோத்தி என்று வடக்கே சொல்கிறார்கள். தமிழ்ப் பெண்தான் என்று இங்கே மேடைதோறும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை. பதினாறு வயதில் முன்பின் தெரியாத நாட்டுக்குப் போய் அந்நியனை மணந்த பெண்ணை நம் குலமகள் என்று கைதட்டுகிறவர்கள், தங்கள் மகள் அடுத்த தெருவுக்குப் போனால் என்ன செய்வார்கள் என்பதுதான் என் அக்கறை. இன்னொன்றும் அந்தக் கதையில் உண்டு: அவளுடைய பிள்ளைகளில் இருவர் தாயின் குடும்பப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு, ஒருமைப் பேச்சு என்று அடுக்குகள் உண்டு. காதலர்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்போது மாறுகிறார்கள் என்பதே ஒரு முத்தத்துக்குச் சமமான நிகழ்ச்சி. யார் முதலில் மாறலாம் என்று அனுமதி கேட்பார்கள். 2019இல் தொடங்கிய ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’வில் வட கொரிய ராணுவ அதிகாரியும் தென் கொரியத் தொழிலதிபர் மகளும் பெரும்பாலும் ஒருவரையொருவர் மரியாதையோடே பேசிக்கொள்கிறார்கள். அந்நியத்தன்மை கரைந்த பிறகும் மரியாதை கரைவதில்லை. தமிழ்க் குரல் கொடுக்கும்போது இதெல்லாம் போய்விடுகிறது. அவன் ‘நீ’, அவள் ‘நீங்க’ என்று இரண்டாவது வாக்கியத்திலேயே முடிவாகிவிடுவதை அடிக்கடி கேட்கிறேன். குரல் கொடுப்பவர்கள் யோசித்துச் செய்வதில்லை. கணவனும் மனைவியும் அப்படித்தானே பேசுவார்கள் என்று வாய் தானாகப் போகிறது.

கொங்குத் தமிழின் ‘ங்’ ஊருக்கே பிரசித்தம். வாங்க, சொல்லுங்க, ஏனுங்க என்று குழந்தையைக்கூட மரியாதையாகக் கூப்பிடும் ஊர் என்று கோவைக்குப் பெயர். அந்த ‘ங்’ யாரிடம் நின்றுவிடும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை செய்யும் அறுபது வயது அருந்ததியர் பெரியவரை, பண்ணையத்துப் பத்து வயதுப் பையன் ஒருமையில் கூப்பிடுவான். மனைவியிடம் அந்த ‘ங்’ விருந்தாளி இருக்கும்வரை இருக்கும். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யில் குமரேசனும் சரோஜாவும் பாறை மேல் இருக்கும் ஒரு குடிசையில் வாழ வருகிறார்கள். அவள் என்ன சாதி என்று ஊர் நச்சரிக்கிறது. அந்த நாவலில் அவர்களுடைய நெருக்கத்தை நான் தேடித் தேடிப் படித்தேன். இருவரும் தனியாக இருக்கும் நேரம் எவ்வளவு குறைவு! மாமியாரின் ஒப்பாரி சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நெருக்கத்துக்கு முதலில் தேவை கதவு. கொரியத் தொடரில் ஏழைப் பெண்ணுக்கும் மொட்டைமாடியில் ஓர் அறை இருக்கிறது, அதற்கு எண் பூட்டு இருக்கிறது. அந்த எண்ணை அவனிடம் சொல்வது எப்போது என்று அவளே முடிவு செய்கிறாள்.

இதையெல்லாம் வைத்துக் கொரியா பெண்களுக்குச் சொர்க்கம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் தொடரைப் பார்த்திருக்கிறார்கள், செய்தியைப் பார்க்கவில்லை. வளர்ந்த நாடுகளில் ஆண் பெண் ஊதிய வேறுபாடு மிக அதிகமாக இருப்பது அங்கே. 2023இல் அந்நாட்டின் கருவள விகிதம் 0.72. காதலும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், உறவும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லும் பெண்களின் இயக்கத்துக்கு அங்கே பெயரே இருக்கிறது. சோ நாம்-ஜூவின் ‘கிம் ஜி-யங், பிறப்பு 1982’ நாவலைப் படித்ததாகச் சொன்ன நடிகைகளையும் பாடகிகளையும் ஆண்கள் கூட்டமாகத் திட்டினார்கள். உலகத்துக்கே காதலை ஏற்றுமதி செய்யும் நாட்டுப் பெண்கள் அதை வாங்க மறுக்கிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இல்லாததைத்தான் எழுதுவார்கள். நிஜத்தில் நூடுல்ஸ் சமைத்துக் கொடுக்கும் கணவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்திருந்தால், ஹியூன் பின் சமைப்பதைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? அந்தச் சமைக்கும் ராணுவ அதிகாரியும் வட கொரியாவின் மிகப் பெரிய அதிகாரி வீட்டுப் பிள்ளை என்பதை மறக்கக்கூடாது. அடக்கமான ஆண் வேண்டும், ஆனால் அவன் அப்பா பெரிய ஆளாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் கொரியத் தொடரும் எங்கள் ஊர்ப் பெண்வீட்டாரும் ஒன்று.

சோறும் வேலையும் வரும்போதுதான் இந்தத் தொடர்கள் எனக்கு நிஜமாகின்றன. 2016இல் ஜப்பானில் வந்த ‘நிகேஹாஜி’ என்று சுருக்கிச் சொல்லப்படும் தொடரில், வேலை கிடைக்காத பட்டதாரிப் பெண் ஒருவனுடைய வீட்டு வேலைக்குச் சேர்ந்து, பிறகு அவனைக் ‘கல்யாணம்’ செய்துகொள்கிறாள். மனைவி என்பது பதவி, மாதம் 1,94,000 யென் சம்பளம். நிஜமாகவே காதல் வந்தபின் அவன் முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான், சம்பளம் மிச்சமாகும் என்றும் கணக்குக் காட்டுகிறான். அவள் முகம் மாறுகிறது. இது அன்பைச் சுரண்டுவது என்கிறாள். தொலைக்காட்சிக் காதல் தொடரில் இதைவிடத் துணிச்சலான ஒரு மறுப்பை நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. வீட்டில் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பது வேறு கட்டுரை. கொரியாவின் ‘பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்’ தொடரில் ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொண்ட பெண், மாமியார் வீட்டு முன்னோர் வழிபாட்டுக்கு நாள் முழுக்கச் சமைக்கிறாள். அந்த உழைப்புக்கு ஈடாக அவன் அவள் அம்மா வீட்டுக்குப் போய், குளிர்காலத்துக்கான மொத்தக் கிம்ச்சியும் போடும் வேலையைச் செய்து கடனை அடைக்கிறான். ஆடி நோம்பிக்கு மாமியார் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை உரல் கழுவுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

2025 மார்ச்சில் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ ஜெஜு தீவில் நடக்கிறது. அதன் கொரியத் தலைப்பு ஜெஜு வட்டார வழக்கு, ‘ரொம்பப் பாடுபட்டுட்டீங்க’ என்று பொருள். சியோல்காரர்கள் காதுக்கு ‘நன்றாக ஏமாந்துவிட்டாய்’ என்பதுபோல் கேட்குமாம். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை வட்டார வழக்கால்தான் தர முடியும். கவிஞராக வேண்டுமென்று ஆசைப்பட்ட ஏ-சுன், காதலித்தவனையே மணந்து மாமியார் வீட்டுக்கு வருகிறாள். ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனியாக ஒரு மேசை. புருஷன் குவான்-சிக் தன் அம்மாவுக்கும் பாட்டிக்கும் முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே முதுகை ஆண்கள் பக்கம் காட்டித் திரும்பி, பெண்கள் மேசையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்குகிறான். வசனம் பெரிதாக இல்லை. அந்த வீட்டுக்குள் குண்டு விழுந்ததுபோல் ஆகிறது. பதினாறு எபிசோடுகளில் எனக்கு உடல் சிலிர்த்த காட்சி இது. இதில் தொடுதல் இல்லை.

என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா ஒருவர் மருமகளோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தார். எழுபது வயதுக்குமேல் ஆகிறது. கணவர் சாப்பிட்டு எழுந்தபிறகு அதே வட்டலில் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை. அந்தக் காட்சி வந்ததும் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை போடச் சொன்னாராம். மறுநாள் கறிவேப்பிலை வாங்க வந்தவர் என்னிடம் கேட்டார்: “ஏனம்மிணி, அந்தப் பையன் திரும்பி உக்காந்து தின்னான், செரி. தின்னுபோட்டு அத்தனை வட்டலையும் ஆரு கழுவுனதுன்னு காட்டவே இல்லியே?”

நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காட்டவில்லை.